கழுவிய காலத்துப் பழக்கம்

தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் சரக்கு அடிக்கும் லாரி சீக்கிரமே ஆயில் குடிக்கத் தொடங்கினாலும், கரும்புகை கக்கினாலும், மேட்டில் இழுக்க மறுத்தாலும் பட்டறையில் முதல் பழி ஊர்த் தூசியின் மேல்தான் விழும். அதில் நியாயம் இருக்கிறது. உப்பு, நிலக்கரி, ஜிப்சம், பாஸ்பேட் பாறை, உரம், அனல்மின் நிலையச் சாம்பல், தேரிச் செம்மண் என்று இத்தனை வகைப் பொடியும் ஒரே வட்டாரத்தில் காற்றில் ஏறும் ஊர்கள் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை. என்றாலும் தூசியோடு கதையை முடித்துக்கொண்டால் பாதிதான் விளங்கும். அந்தத் தூசியைத் தடுக்க மனிதர்கள் என்ன செய்தார்கள், எந்தக் காலத்தில் எதற்காகச் செய்தார்கள் என்பதுதான் மீதிப் பாதி. எஞ்சினைக் காப்பதற்காக ஒரு தலைமுறை கற்றுக்கொண்ட நல்ல பழக்கம் ஒன்று, கருவி மாறிய பிறகும் மாறாமல் நின்றுவிட்டது. முன்பு எஞ்சினுக்குக் காவலாக இருந்த அதே கை இன்று தூசிக்கு வழி திறந்துவிடுகிறது. ஏர் பில்டரை அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்வதுதான் அந்தப் பழக்கம்.

இந்தக் கரையில் தூசி எஞ்சினுக்கு மிக மூத்தது. திருச்செந்தூர், சாத்தான்குளம், நாசரேத், காயாமொழி பக்கம் கிடக்கும் தேரிக்காடுகள் காற்று குவித்த மணல்மேடுகள். தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியே வறண்ட காற்றாக இறங்குகிறது. ஆனி, ஆடி மாதங்களில் அது சமவெளியின் செம்மண்ணை வாரிக் கிழக்கே கடலை நோக்கிக் கொண்டுபோகிறது. தேரிகளில் கிடைத்த நுண்கற் கருவிகளைப் பற்றி ஸாய்னரும் ஆல்சினும் 1956இல் வெளியிட்ட ஆய்வு, இந்த மேடுகளுக்கும் மனிதனுக்கும் உள்ள உறவு எவ்வளவு பழையது என்று காட்டியது. நகரும் மணல் வயல்களை மூடியதையும், மரம் நட்டு அதை நிறுத்த எடுத்த முயற்சிகளையும் ஆங்கிலேயர் காலத்து மாவட்டப் பதிவுகள் பேசுகின்றன. எஞ்சினின் கதைக்கு இங்கே முக்கியம் அந்த மணலின் சேர்மானம். தேரிமண் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடு பூசிய குவார்ட்ஸ். கூடவே கார்னெட், இல்மனைட் போன்ற கனிமங்களும் உண்டு. கடினத்தை அளக்கும் மோஸ் வரிசையில் குவார்ட்ஸ் 7. பிஸ்டன் ஓடும் உறையான எஞ்சின் லைனரின் வார்ப்பிரும்பைக் கீற அது போதும். உப்பின் கடினம் 2க்குச் சற்று மேல், ஜிப்சம் 2. லாரியின் முகப்பில் வெள்ளையாகவும் கறுப்பாகவும் படிந்து எல்லோர் கண்ணையும் உறுத்தும் சரக்குத் தூசியை விட, டயருக்கு அடியிலிருந்து சத்தமில்லாமல் எழும்பும் செம்மண்தான் உலோகத்தை அதிகம் தேய்க்கிறது. எது அழுக்கு, எது ஆபத்து என்ற குழப்பம் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பதால் இதை இவ்வளவு விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீராவிக் காலத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை. தூத்துக்குடிக்கு ரயில் 1876இல் வந்தது. கரையோரம் ஆழம் இல்லாததால் கப்பல்கள் பல மைல் தள்ளி நங்கூரமிட்டு நின்றன. பருத்தியும் மற்றச் சரக்கும் தோணியில் ஏறிப் போய்க் கப்பலில் ஏறின. ஊரின் பஞ்சாலையான கோரல் மில்லின் இயந்திரங்களும், 1906இல் வ.உ. சிதம்பரம் பிள்ளை தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி கொழும்புக்கு ஓட்டிய கப்பல்களும் நீராவியில் இயங்கியவைதான். நீராவி எஞ்சினின் சிலிண்டருக்குள் வெளிக்காற்று போவதில்லை. அடுப்புக்குக் காற்று வேண்டும். அதில் மண் கலந்திருந்தாலும் சாம்பலோடு சாம்பலாகப் போய்விடும். பிஸ்டனைத் தள்ளுவது கொதிகலனிலிருந்து வரும் ஆவி மட்டும். அதனால் ஆடிக் காற்றில் கண் திறக்க முடியாமல் தவித்தவர்கள் வண்டிக்காரர்களும் பாரம் சுமந்தவர்களும்தான். இயந்திரத்துக்கு அந்தத் தவிப்பு தெரியாது.

பெட்ரோல், டீசல் எஞ்சின்கள் வந்ததும் நிலைமை தலைகீழானது. இவற்றில் எரிதல் சிலிண்டருக்குள்ளேயே நடக்கிறது. எரிவதற்கு வேண்டிய காற்று முழுவதும் பிஸ்டன் ஓடும் அதே குழாய்க்குள் வந்தாக வேண்டும். ஒரு லிட்டர் டீசல் எரியப் பத்தாயிரம் லிட்டருக்கும் மேல் காற்று தேவை. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் பார லாரி நூறு கிலோமீட்டர் போனால் குறைந்தது இரண்டரை லட்சம் லிட்டர் காற்றை உள்ளே இழுத்திருக்கும். பிஸ்டன் ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே உள்ள எண்ணெய்ப் படலத்தின் தடிமன் சில மைக்ரான்தான். அந்த இடுக்கில் நுழையும் அளவிலும் அதற்குச் சற்றுப் பெரிதாகவும் இருக்கும் துகள்கள், அதாவது ஏறக்குறைய 5 முதல் 20 மைக்ரான் வரை உள்ளவை, அரம் போட்டுத் தேய்க்கும். மனிதத் தலைமுடியின் கனம் சுமார் 70 மைக்ரான் என்பதால், கேடு செய்யும் துகளைத் தனியாக எடுத்துக் கண்ணால் பார்க்க முடியாது.

முதல் மோட்டார் வண்டிகளுக்கு இதைத் தடுக்க எதுவுமே இருக்கவில்லை. அமெரிக்காவில் உழவு டிராக்டர்கள்தான் பாடம் கற்பித்தன. தூசி நிறைந்த வயலில் டிராக்டர் எஞ்சின் சீக்கிரமே செத்துப்போவதைக் கண்ட பிராங்க் டொனால்ட்சன், கம்பிக் கூட்டின் மேல் துணி போர்த்திய ஒரு மூடியைச் செய்துகொடுத்து, 1915இல் அதையே தொழிலாக்கினார். நம் பக்கத்தில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் மதுரையை மையமாக வைத்துப் பஸ் ஓட்டத் தொடங்கியதும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது அவருடைய நிறுவனம் கரிவாயுக் கருவி தயாரித்து வண்டிகளை ஓட வைத்தது. இந்தக் கருவியை வெறும் எரிபொருள் மாற்றமாகப் பார்ப்பது வழக்கம். வடிகட்டலின் வரலாற்றிலும் அதற்கு இடம் உண்டு. கரியிலிருந்து எழும் வாயு சாம்பலையும் தாரையும் சுமந்துகொண்டு வரும். அதை ஆறவைத்து, வடித்து, அந்த வடிகட்டியை நாள்தோறும் கொட்டிக் கழுவாவிட்டால் மறுநாள் வண்டி கிளம்பாது. எஞ்சின் மூச்சு விடும் பாதையைத் தினமும் துப்புரவு செய்வது பஸ் தொழிலில் ஒரு கடமையானது அந்தக் காலத்தில்தான். அதே போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஸ்பிட்பயர் விமானங்களின் தாடையில் வோக்ஸ் என்ற பெரிய வடிகட்டியைப் பொருத்தினார்கள். விமானத்தின் வேகம் குறைந்தது, தெரிந்தே பொருத்தினார்கள். மணலைத் தின்ற எஞ்சின் போர்க்களம் வரை போய்ச் சேராது என்பதால் வேகத்தைக் கொடுத்து ஆயுளை வாங்கினார்கள்.

விடுதலைக்குப் பிறகு எண்ணூரிலிருந்து லேலண்டு லாரியும், பின்னர் ஜாம்ஷெட்பூரிலிருந்து டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரியும் வந்தன. அந்தத் தலைமுறை வண்டிகளில் பரவலாக இருந்தது ஆயில் பாத் வகை ஏர் கிளீனர். அதன் வேலை எளிமையானது, அழகானது. காற்று நடுக்குழாய் வழியே கீழே இறங்கி, கிண்ணத்தில் இருக்கும் எண்ணெயின் மேல் மோதி, சட்டென்று மேல்நோக்கித் திரும்பும். கனமான தூசி அந்தத் திருப்பத்தில் திரும்ப முடியாமல் எண்ணெயில் விழுந்துவிடும். மிச்சம் இருப்பதை எண்ணெய் நனைந்த கம்பிவலை பிடித்துக்கொள்ளும். நூற்றுக்கு 95 முதல் 98 பங்கு வரை தூசி நிற்கும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்றுக்கு வேகம் இல்லாததால் இன்னும் குறையும். கிண்ணத்தில் சேறு ஏற ஏற எண்ணெய் கெட்டியாகி, பிடிக்கும் திறன் போய்விடும். ஆகவே கிண்ணத்தைக் கழற்றி, சேற்றைக் கொட்டி, மண்ணெண்ணெயிலோ டீசலிலோ வலையை அலசி, கோடு வரை புது எண்ணெய் ஊற்றி மாட்ட வேண்டும். கோட்டுக்கு மேல் ஊற்றிவிட்டால் எண்ணெயை எஞ்சின் இழுத்துக்கொள்ளும். டீசல் எஞ்சினாக இருந்தால் நிறுத்தினாலும் நிற்காமல் தறிகெட்டு ஓடும். இதை எல்லாம் தெரிந்து செய்தவர் பெரும்பாலும் ஓட்டுநரின் உதவியாளான லாரிக் கிளீனர். அவருக்குக் கிடைத்த முதல் எஞ்சின் பாடமும் இதுவே. இந்தக் கருவியின் ஒரு குணத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: அதை எத்தனை முறை கழுவினாலும் கெடாது. இரும்பும் கம்பியும் எண்ணெயும்தான். தூசி அதிகமான தடத்தில் ஓடும் வண்டிக்குத் தினமும் கழுவுவது வெறும் நன்மை. சுறுசுறுப்பான கிளீனர் இருக்கும் வண்டி உண்மையிலேயே நீண்டநாள் ஓடியது.

இந்தப் பழக்கம் வேரூன்றிய காலமும் தூத்துக்குடி மாறிய காலமும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. புதிய துறைமுகம் 1974 ஜூலையில் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979இல் பழைய துறைமுகமும் அதோடு இணைந்தது. கப்பல் கரையை ஒட்டி நிற்கத் தொடங்கியதும் தோணிக்குப் பதில் லாரி கப்பலின் பக்கத்திலேயே போய் நின்றது. ஸ்பிக் உர ஆலைக்குப் பாஸ்பேட் பாறையும், 1979இல் முதல் அலகு ஓடத் தொடங்கி 1,050 மெகாவாட்டுக்கு வளர்ந்த அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரியும் கடல் வழியே வந்தன. மின் நிலையத்திலிருந்து வெளியேறும் சாம்பலைச் சிமென்டுக்கும் செங்கலுக்கும் லாரிகள் ஏற்றிப் போயின. இந்தச் சாம்பல் உருகி உறைந்த கண்ணாடித் துகள், அளவிலும் மிக நுண்மை. தேரிமண்ணுக்கு அடுத்து லைனருக்குப் பகை இதுதான். உப்பளங்களிலோ வேலைப் பருவத்தில் முத்தையாபுரம், முள்ளக்காடு, ஆறுமுகநேரி, வேப்பலோடை எங்கும் மண்வரப்புகளின் மேல் லாரிகள் ஊர்ந்தன. குஜராத்துக்கு அடுத்தபடி நாட்டில் அதிக உப்பு விளையும் இடம் இது. தார்ச்சாலையில் ஓடுவதற்குக் கணக்குப் போட்ட வண்டி, தன் நாளில் பாதியைத் தார் இல்லாத தடத்தில் கழித்தது.

பிறகு கருவி மாறியது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ பொருத்திய எஞ்சின்களும், 2000க்குப் பிறகு படிப்படியாக இறுகிய புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் காகித பில்டரைக் கட்டாயமாக்கின. டர்போவின் காற்றுச் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தொடக்கூடியது. அந்த வேகத்தில் மணல் துகள் ஒவ்வொன்றும் சக்கரத்தின் இதழை அரித்துவிடும். மடிப்பு மடிப்பாக வைத்த காகிதம் நூற்றுக்கு 99.5க்கும் மேல் தூசியைப் பிடிக்கிறது. அது பிடிக்கும் விதம்தான் பழைய கருவியிலிருந்து முற்றிலும் வேறு. புதுக் காகிதத்தில் நார்களுக்கு நடுவே நுண்ணிய இடைவெளிகள் உண்டு. முதலில் வரும் தூசி அந்த இடைவெளிகளில் படிந்து ஒரு மெல்லிய படலமாகிறது. அந்தப் படலமே அடுத்து வரும் தூசிக்கு வடிகட்டி. ஆக, காகித பில்டர் மிகப் பலவீனமாக இருப்பது புத்தம் புதிதாக இருக்கும்போது. கொஞ்சம் அழுக்கேறிய பில்டர் இன்னும் நன்றாகப் பிடிக்கும். ஆயில் பாத்தில் அழுக்கு கருவியின் எதிரி. காகிதத்தில் அழுக்கு, ஓர் அளவு வரை, கருவியின் உறுப்பு.

பழக்கம் வழிதவறிய இடம் இதுதான். கழுவக் கற்ற கை காகிதத்தையும் சும்மா விடவில்லை. கழுவ முடியாததால் டயர் கடைக் கம்ப்ரசரில் காற்றடித்தது. டயரின் மேலோ தரையிலோ தட்டியது. காற்றடிக்க அனுமதிக்கும் எஞ்சின் கையேடுகள்கூட அழுத்தம் சுமார் 30 பி.எஸ்.ஐ.க்கு மிகாமல், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, கொஞ்சம் தள்ளி நின்று அடிக்கச் சொல்கின்றன. லாரி டயருக்குக் காற்று பிடிக்கும் கம்ப்ரசரில் இருப்பது நூறு பி.எஸ்.ஐ.க்கும் மேல். அந்த வீச்சில் மடிப்புகளில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழுகிறது. தட்டும்போது விளிம்புத் தகடு வளைகிறது. வளைந்த தகடு பெட்டியோடு ஒட்டி உட்காராது. இது எதுவும் நடக்காமல் பூப்போல ஊதினாலும் படிந்திருந்த தூசிப் படலம் போய்விடும். பில்டர் மறுபடி தன் பலவீனமான முதல் நாளுக்குத் திரும்பும். இதற்கெல்லாம் மேலாக, பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளிச்சுவரில் ஒட்டியிருக்கும் மண் கொஞ்சம் உள்குழாயில் விழும். அதற்குப் பிறகு எந்த வடிகட்டியும் கிடையாது; நேரே டர்போ, நேரே லைனர். வாரம் தவறாமல் ஊதிக் காப்பாற்றிய வண்டி, கவனிப்பாரற்ற வண்டியை விட முந்தித் தேய்வது இதனால்தான்.

தூசி நிறைந்த ஊரில் அடிக்கடி சுத்தம் செய்யாவிட்டால் பில்டர் அடைத்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். அடைக்கும். காற்று குறையும், டீசல் முழுதும் எரியாமல் புகையும், இழுவை போகும், டீசல் செலவு ஏறும். ஆனால் அந்தக் கேடு வெளியே தெரிகிற கேடு, பில்டரை மாற்றினால் அன்றே தீர்கிற கேடு. கிழிந்த பில்டர் வழியே போன மணலின் கேடு அப்படித் தீராது. எஞ்சினும் அப்போது நன்றாகவே இழுக்கும், ஏனென்றால் ஓட்டை வழியே காற்று தாராளமாக வருகிறது. ஊதி மாட்டியதும் வண்டிக்கு உயிர் வந்தது என்று ஓட்டுநர் சொல்வது பொய் இல்லை. அந்த உயிருக்கு என்ன விலை என்பது ரிங்கையும் லைனரையும் மாற்றும் நாளில்தான் தெரியும். அடைப்பைக் கண்ணால் மதிப்பிடவும் முடியாது. அதற்காகத்தான் பில்டருக்குப் பின்னால் உள்ள குழாயில் ஒரு காட்டி வைத்தார்கள். எஞ்சின் காற்றை இழுக்கப் படும் பாடு வரம்பைத் தாண்டினால் அது சிவப்பாகும். தூசி அதிகமான தடத்தில் அது சீக்கிரம் சிவக்கும், குறைவான தடத்தில் தாமதமாகும். இந்தத் தடத்துக்கு எத்தனை நாள் என்று ஊகிக்க வேண்டிய வேலையை அது நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. காட்டி பழுதாகிக் கிடக்கும் லாரிகள் ஏராளம் என்பார்கள். அப்படியானால் முதலில் பழுது பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஊதாதே, மாற்று என்பது பில்டர் விற்பவன் சொல்லும் பேச்சு என்று சந்தேகப்படுவோரும் உண்டு. ஒற்றை லாரியைக் கடனில் வாங்கி ஓட்டும் உரிமையாளர் எதையும் இப்படித்தான் சந்தேகிக்க வேண்டும். அவருடைய வாழ்வு அந்தச் சந்தேகத்தில் நிற்கிறது. ஆனால் கணக்கு அவர் நினைக்கும் பக்கம் சாயவில்லை. காட்டி சிவக்கும் வரை கைவைக்காமல் விட்ட பில்டர், வாரம் ஒருமுறை ஊதிக் கிழிந்த பில்டரைப் போல இடையில் குப்பைக்குப் போகாமல் தன் முழு ஆயுளையும் ஓடித் தீர்க்கும். பெட்டிக்குள் இரண்டாவதாக இருக்கும் உள் பில்டரை எந்தக் காரணத்துக்காகவும் ஊதக் கூடாது. வெளி பில்டரைச் சில தடவை மாற்றிய பிறகு அதையும் மாற்றினால் போதும். அந்தக் காலத்து லாரி ஆயில் பாத்திலேயே இருபது, முப்பது ஆண்டு ஓடவில்லையா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. ஓடியது, நடுநடுவே சிலிண்டரைக் கடைந்து, லைனர் மாற்றி, ரிங் போட்டு ஓடியது. அந்த எஞ்சினின் வேகம் குறைவு, இடைவெளிகள் தாராளம், டர்போ கிடையாது. அது பொறுத்துக்கொண்ட மணலை இன்றைய எஞ்சின் பொறுக்காது.

உப்பைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் வெளியூர்க் கணக்கு இந்த ஊருக்குப் பொருந்தாமல் போவது அங்கேதான். ஏர் பில்டரைச் சோதிக்க உலகமெங்கும் வழங்கும் பொடிக்கு மூலம் அரிசோனா பாலைவனத்து மண். பெரும்பங்கு சிலிக்கா, உலர்ந்தது. தேரிமண்ணுக்கு அது ஓரளவு உறவு. உப்புக்கு உறவே இல்லை. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடற்கரை இரவுகளில் அந்த அளவு எளிதில் வந்துவிடும். பகலில் தூளாகப் படிந்த உப்பு இரவில் கரைசலாகிக் காகிதத்துக்குள் ஊறுகிறது, மறுநாள் வெயிலில் அங்கேயே படிகமாகிறது. இப்படி ஊறிய பில்டரிலிருந்து எந்தக் கம்ப்ரசரும் உப்பை எடுக்காது. காகிதத்தின் பசைதான் தளரும். ஊறி மறுபக்கம் போன உப்பு லைனரைக் கீறாவிட்டாலும் டர்போவின் அலுமினியத்தை அரிக்கும். உப்பள லாரிக்கு ஊதுவதும் கழுவுவதும் உதவாத வேலைகள். மாற்றுவது ஒன்றுதான் வழி. கையேட்டில் அச்சிட்ட கிலோமீட்டரை நம்பி இங்கே காத்திருக்கவும் கூடாது.

இந்த வாதங்களை எல்லாம் ஏற்காதவர்கூட ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பில்டரை ஊதும்போது அந்தத் தூசி போய்ச் சேரும் இடம் ஊதுகிறவரின் நுரையீரல். எஞ்சினைத் தேய்க்கும் குவார்ட்ஸ்தான் மனிதனுக்குச் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயைக் கொடுப்பதும். நுண்மையான துகள் எதுவோ அதுதான் மூச்சில் ஆழமாக இறங்கும். பல ஊர்களிலிருந்து பில்டர் பிடித்துவைத்த நுண்துகள் மொத்தத்தையும் ஒரே நிமிடத்தில் முகத்துக்கு நேரே கிளப்பிவிட்டு, அதில் நிற்பவர் பெரும்பாலும் லாரியிலேயே குறைந்த கூலிக்காரர். எண்ணெயிலும் மண்ணெண்ணெயிலும் கழுவிய காலத்தில் தூசி சேறாகத்தான் வெளியே வந்தது, காற்றில் எழும்பவில்லை. அந்த ஒரு வகையில் பழைய கருவி புதியதை விட மனிதனுக்கு இரக்கம் காட்டியது.

தினமும் ஒருமுறை எஞ்சினைத் தொட்டுப் பார்க்கும் அக்கறையை இந்தத் தொழில் இழக்க வேண்டியதில்லை. அந்த அக்கறைக்குப் புதிய லாரியிலும் வேலை இருக்கிறது. பில்டர் பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் ரப்பர் குழாயின் கிளிப்புகள் இறுகியிருக்கின்றனவா, குழாயில் வெடிப்பு உண்டா என்று பார்க்கலாம்; அந்த வழியாக நுழையும் மண்ணைப் புத்தம் புதிய பில்டராலும் தடுக்க முடியாது. காட்டி என்ன நிறம் என்று பார்க்கலாம். பெட்டியின் அடியில் தொங்கும் ரப்பர் வால்வை விரலால் அமுக்கினால் உள்ளே தேங்கிய செம்மண் பொலபொலவென்று தரையில் கொட்டும். அதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டாம், கம்ப்ரசரும் வேண்டாம், யாரும் அதை மூச்சில் இழுக்கவும் வேண்டாம். துறைமுக வாசலில் லோடுக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே முடிந்துவிடும்.